ஹெட்டர் கேச் ‘வேண்டாம்’ என்றாலும் சேர்ந்துவிடுகிறது: மின்னஞ்சல் செயலியின் உருவாக்க விருப்பம் பற்றி

கட்டுமரம்:

முனையத்தில் இயங்கும் கட்டற்ற மின்னஞ்சல் செயலி ஒன்றைப் பொதியாக்கிக்கொண்டிருக்கிறேன். மடல்களின் தலைப்பு விவரங்களை எல்எம்டிபி நிரலகத்தின் உதவியால் வட்டில் சேமித்து வைக்கும் அதன் ஹெட்டர் கேச் வசதி எங்கள் பொதியில் தேவையில்லை என்பதால், உருவாக்கத்துக்கு முன் கணினியைச் சோதித்து விருப்பங்களை அமைக்கும் கான்ஃபிகர் நிரலை ஓட்டும்போது ‘--டிசேபிள்-ஹெச்கேச்’ என்று தெளிவாகவே கொடுக்கிறேன். ஆனாலும் கடைசியில் அச்சாகும் சுருக்கத்தில் ஹெட்டர் கேச் ‘யெஸ்’ என்றே வருகிறது. உருவான செயலியை எல்எம்டிபி தரவுத்தள நிரலகம் இல்லாத வேறொரு கணினிக்குக் கொண்டுபோனால், பகிர்வு நிரலகத்தைக் காணவில்லை என்று சொல்லித் தொடங்கும்போதே நின்றுவிடுகிறது.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். எந்த விருப்பமும் கொடுக்காமல் எல்எம்டிபி இல்லாத கணினியில் உருவாக்கினால், ஹெட்டர் கேச் இல்லாமல் ஒழுங்காக உருவாகிறது. அதே கணினியில் ‘--டிசேபிள்-ஹெச்கேச்’ கொடுத்தால், எல்எம்டிபி கிடைக்கவில்லை என்ற பிழையுடன் கான்ஃபிகர் நின்றுவிடுகிறது. வேண்டாம் என்று சொன்ன பொருளைக் காணவில்லை என்று அது முறையிடுவதுதான் எனக்கு விளங்கவில்லை.

பழையமுனையம்:

முதலில் விருப்பத்தின் எழுத்துக்கூட்டலைச் சரிபாருங்கள். ஆட்டோகான்ஃப் கருவி உருவாக்கிய கான்ஃபிகர், தனக்குத் தெரியாத எனேபிள், டிசேபிள் விருப்பங்களைக் கண்டால் நிற்பதில்லை. ஓர் எச்சரிக்கை வரியை மட்டும் அச்சிட்டுவிட்டு மேலே போய்விடும், அந்த வரியும் நூற்றுக்கணக்கான ‘செக்கிங்’ வரிகளோடு சேர்ந்து எளிதில் கண்ணில் படாமல் போய்விடும். ‘--எனேபிள்-ஆப்ஷன்-செக்கிங்=ஃபேடல்’ என்பதையும் சேர்த்துக் கொடுத்தால், எழுத்துப் பிழை இருக்கும் பட்சத்தில் அங்கேயே நின்றுவிடும். பொதியாளர்கள் எல்லோரும் இதை எப்போதும் வைத்திருப்பது நல்லது என்பேன்.

கட்டுமரம்:

சேர்த்துப் பார்த்தேன், ஐயா. எழுத்துக்கூட்டல் சரிதான். விருப்பத்தை அது அறிந்தே இருக்கிறது.

ஓரெழுத்து:

நீங்கள் சொன்ன இரண்டாவது அறிகுறியே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கான்ஃபிகர் நிரலுக்கு மூலமான கான்ஃபிகர்.ஏசி கோப்பைத் திறந்து, இந்த விருப்பத்தை அறிவிக்கும் ஏசி_ஆர்க்_எனேபிள் என்ற மேக்ரோவை (ஷெல் வரிகளாக விரியும் கட்டளையை) பாருங்கள். அதற்கு நான்கு உள்ளீடுகள்: விருப்பத்தின் பெயர், உதவி வரி, விருப்பம் கொடுக்கப்பட்டிருந்தால் செய்ய வேண்டியது, கொடுக்கப்படாவிட்டால் செய்ய வேண்டியது. மூன்றாவது இடத்தில் இருப்பதை ‘எனேபிள் என்று சொன்னால் செய்ய வேண்டியது’ என்று பலர் படித்துவிடுகிறார்கள். உண்மையில், பயனர் எனேபிள் என்றாலும் டிசேபிள் என்றாலும் அந்தப் பகுதி ஓடும். ஆட்டோகான்ஃபைப் பொறுத்தவரை ‘--டிசேபிள்-ஹெச்கேச்’ என்பது ‘--எனேபிள்-ஹெச்கேச்=நோ’ என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். பயனர் என்ன சொன்னார் என்பது எனேபிள்வால் என்ற ஷெல் மாறியில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இந்தச் செயலியின் கோப்பில் மூன்றாவது இடத்தில் மாறிக்கு நேரடியாக ‘யெஸ்’ என்ற மதிப்பும், நான்காவது இடத்தில் ‘ஆட்டோ’ என்ற மதிப்பும் எழுதியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அப்படி இருந்தால் நீங்கள் கண்டவை அனைத்தும் பொருந்திவிடும். எதுவும் சொல்லாவிட்டால் தானாகத் தேடும். கிடைக்காவிட்டால் பேசாமல் விட்டுவிடும். எதைச் சொன்னாலும் அதை ‘கட்டாயம் வேண்டும்’ என்று எடுத்துக்கொண்டு, கிடைக்காவிட்டால் நின்றுவிடும். ‘வேண்டாம்’ என்பதற்கு அங்கே இடமே இல்லை.

கட்டுமரம்:

பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது.

நீலவானம்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மூலநிரலிலிருந்து உருவாக்கிப் பழகுபவன் நான். ஹெட்டர் கேச் இருந்தால் செயலி வேகமாக இயங்கும் என்றுதான் படித்திருக்கிறேன்; அதை ஏன் ஒருவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்? வேண்டாம் என்றால், உருவாக்கும் கணினியிலிருந்து எல்எம்டிபியை நீக்கிவிட்டால் போதாதா?

பழையமுனையம்:

வேகம் பற்றி நீங்கள் படித்தது சரி. ஐமேப் (சேவையகத்தில் உள்ள மடல்களைப் படிக்கும் நெறிமுறை) வழியாக ஓர் அஞ்சல் பெட்டியைத் திறக்கும்போது, அனுப்பியவர், பொருள், தேதி, எந்த மடலுக்குப் பதில் போன்ற விவரங்கள் ஒவ்வொரு மடலுக்கும் தேவைப்படுகின்றன. பட்டியலையும் மடல் இழைகளையும் அவற்றைக் கொண்டே வரைகிறோம். பெட்டியில் ஐம்பதாயிரம் மடல்கள் இருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அத்தனை தலைப்புப் பகுதிகளையும் சேவையகத்திலிருந்து இறக்க வேண்டியிருக்கும். ஹெட்டர் கேச் அவற்றை வட்டில் ஒரு சிறு தரவுத்தளமாகச் சேமித்து வைத்து, புதிதாக வந்தவற்றை மட்டும் கேட்டு வாங்குகிறது. மெயில்டிர் வடிவத்திலும் இது உதவும், ஏனெனில் அங்கே மடலுக்கு ஒரு கோப்பு என்பதால் ஒவ்வொன்றையும் திறந்து படிக்க வேண்டியிருக்கிறது.

வேண்டாம் என்பதற்கும் காரணங்கள் உண்டு. மடல்களின் பொருளும் முகவரிகளும் மறையாக்கம் இல்லாமல் வட்டில் தங்குவதைச் சிலர் விரும்புவதில்லை. மீட்புக் கணினிகளுக்கும் மிகச் சிறிய வட்டுப் படிமங்களுக்கும் சார்புகள் குறைவாக இருப்பது முக்கியம். அஞ்சலை வேறொரு நிரல் முன்கூட்டியே ஒத்திசைத்து வைக்கும் இடங்களில், பெட்டி சிறிதாக இருந்தால் இதனால் பெரிய பயனும் இல்லை.

எல்எம்டிபியை நீக்குவது பற்றி: நீக்கினால் இந்தப் பொதி சரியாக உருவாகும். ஆனால் அதே கணினியில் உருவாகும் இன்னொரு பொதிக்கு எல்எம்டிபி தேவைப்படலாம். ஒரே மூலநிரல், ஒரே கட்டளை, ஆனால் கணினியில் அன்றைக்கு என்ன நிறுவப்பட்டிருந்தது என்பதைப் பொறுத்து வேறு வேறு செயலி கிடைக்கிறது என்றால், வழுவறிக்கை வரும்போது எதைப் பார்த்துப் பதில் சொல்வது? ஜென்டூ லினக்ஸ் பொதியாளர்கள் இத்தகைய சார்புகளை ‘ஆட்டோமேஜிக்’ என்று அழைத்து, வழுவாகவே பதிவு செய்கிறார்கள். தூய்மையான தனி உருவாக்கச் சூழலைப் பயன்படுத்துவது நல்ல பழக்கம்தான் என்றாலும், அது இந்த வழுவைத் தீர்க்காது, கண்ணில் படாமல் மறைக்கத்தான் செய்யும்.

கட்டுமரத்துக்கு ஒரு தற்காலிக வழி உண்டு. டிசேபிள் விருப்பத்தைக் கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக ‘ஏசி_சிவி_லிப்_எல்எம்டிபி_எம்டிபி_என்வ்_கிரியேட்=நோ’ என்ற மதிப்பைக் கான்ஃபிகரின் கட்டளை வரியில் கொடுங்கள். ஒரு சோதனையின் விடை ஏற்கெனவே மாறியில் இருந்தால் ஆட்டோகான்ஃப் அந்தச் சோதனையை ஓட்டாமல் இருக்கும் விடையையே ஏற்றுக்கொள்ளும். நிரலகம் இல்லை என்று அது நம்பி, தானியங்குத் தேர்வில் ஹெட்டர் கேச்சை விட்டுவிடும். அழகான வழி அன்று, ஆனால் இன்றைக்குப் பொதியை வெளியிட உதவும்.

தறிநூல்:

மூலத்திட்டத்துக்கு அனுப்புவதற்காக ஒரு பேட்ச் (மூலநிரலில் செய்ய வேண்டிய மாற்றங்களின் கோப்பு) எழுதியிருக்கிறேன். மூன்றாவது உள்ளீட்டில் எனேபிள்வால் மாறியின் மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மதிப்பு ‘நோ’ என்றால் ஹெட்டர் கேச் அணைக்கப்படும். ‘யெஸ்’ என்று சொல்லி நிரலகம் கிடைக்காவிட்டால் ஏசி_எம்எஸ்ஜி_எரர் மூலம் கான்ஃபிகர் நிற்கும். ஒன்றும் சொல்லாவிட்டால் முன்போலவே தானாகத் தேடும். இறுதி முடிவைக் கான்ஃபிக்.ஹெச் கோப்பில் யூஸ்_ஹெச்கேச் என்ற பெயரில், 1 அல்லது 0 என்று வரையறுக்கிறேன். யாரேனும் சோதித்துச் சொல்ல இயலுமா?

கட்டுமரம்:

சோதித்தேன், நன்றி. ‘--டிசேபிள்-ஹெச்கேச்’ கொடுத்தால் சுருக்கத்தில் இப்போது ‘நோ’ என்று வருகிறது. ஆனால் செயலியின் பதிப்புத் தகவலில் ஹெட்டர் கேச் இன்னும் கூட்டல் குறியுடனே, அதாவது சேர்க்கப்பட்டதாகவே, இருக்கிறது. ரீட்எல்ஃப் கருவியை ‘-டி’ விருப்பத்துடன் ஓட்டினால், நேரடியாகத் தேவைப்படும் நிரலகங்களின் பட்டியலில் எல்எம்டிபியும் நிற்கிறது.

எல்டிடி கருவியைப் பயன்படுத்தாததற்குக் காரணம் உண்டு. அது மறைமுகச் சார்புகளையும் சேர்த்துக் காட்டும் என்பதால், எல்எம்டிபியை இந்தச் செயலி கேட்கிறதா அல்லது இது பயன்படுத்தும் வேறொரு நிரலகம் கேட்கிறதா என்பது அதில் தெரியாது.

ஓரெழுத்து:

இங்கே இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

ஒன்று, வரையறை. சி மொழியின் முன்செயலாக்கியில் ‘#இஃப்டெஃப்’ என்பது ஒரு பெயர் வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். அதன் மதிப்பு 0 ஆக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இந்தச் செயலியின் மூலநிரல் முழுவதும் ‘#இஃப்டெஃப் யூஸ்_ஹெச்கேச்’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. எனவே 0 என்று வரையறுப்பதும் 1 என்று வரையறுப்பதும் இங்கே ஒன்றுதான். மூலநிரலை எல்லா இடங்களிலும் ‘#இஃப்’ என்று மாற்றுவதைவிட, வேண்டும் என்னும்போது மட்டும் 1 என வரையறுத்து, மற்ற நேரத்தில் வரையறுக்காமலே விடுவது எளிது. வேண்டுமானால் அந்தப் பெரிய மாற்றத்தைப் பிறகு தனியாகச் செய்துகொள்ளலாம்.

இரண்டு, இணைப்பு. எல்எம்டிபியைத் தேடும் ஏசி_செக்_லிப் மேக்ரோ, நிபந்தனைக்கு வெளியே, எப்போதும் ஓடும் இடத்தில் இருக்கிறது. நிரலகம் கிடைத்தால் என்ன செய்வது என்று அதற்கு நாம் சொல்லாவிட்டால், அது தன் இயல்புப்படி லிப்ஸ் என்ற பொது மாறியில் அந்த நிரலகத்தைச் சேர்த்துவிடும். அதன் பிறகு இணைக்கப்படும் ஒவ்வொரு நிரலோடும், செயலியோடு வரும் சிறு துணை நிரல்களோடும்கூட, எல்எம்டிபி ஒட்டிக்கொள்ளும். முதல் சிக்கலை மட்டும் தீர்த்தாலும் இந்த ஒட்டு அப்படியே இருக்கும்.

தறிநூல் உபுண்டுவில் சோதித்திருந்தால், முதல் சிக்கலைத் தீர்த்த பின் இரண்டாவது கண்ணில் படவே படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே தொகுப்பி இயல்பாகவே ‘--ஆஸ்-நீடட்’ விருப்பத்தை இணைப்பிக்குக் கொடுக்கிறது. உண்மையில் எந்தச் செயற்கூறும் (ஃபங்ஷன்) அழைக்கப்படாத நிரலகத்தை இணைப்பி தானாகவே உதிர்த்துவிடும். எல்லா விநியோகங்களிலும் இந்த இயல்பு இல்லை. சோதிக்கும்போது ‘-டபிள்யூஎல்,--நோ-ஆஸ்-நீடட்’ என்று, இணைப்பு விருப்பங்களுக்கான எல்டிஃப்ளாக்ஸ் மாறியில் கொடுத்துப் பாருங்கள்.

பழையமுனையம்:

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏசி_செக்_லிப் நிரலகக் கோப்பை மட்டுமே பார்க்கிறது; தொகுக்கும்போது தேவைப்படும் எல்எம்டிபி.ஹெச் என்ற தலைப்புக் கோப்பு (மடல் தலைப்பு அன்று, சி மொழி அறிவிப்புகளின் கோப்பு) இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பல விநியோகங்களில் தலைப்புக் கோப்புகள் தனி மேம்பாட்டுப் பொதியில் இருப்பதால், நிரலகம் மட்டும் எப்படியோ கைக்கு எட்டும் கணினியில் கான்ஃபிகர் ‘யெஸ்’ என்று மகிழ்ச்சியாக முடிந்து, பத்து நிமிடம் கழித்துத் தொகுப்பியில் போய் இடிக்கும். இரண்டையும் சோதித்து, இரண்டும் இருந்தால் மட்டுமே ‘கிடைத்தது’ என்று கொள்ள வேண்டும்.

தறிநூல்:

இரண்டாம் வடிவத்தை இணைத்துள்ளேன். வரையறை இப்போது வேண்டும் என்னும்போது மட்டுமே. நிரலகத் தேடலை நிபந்தனைக்குள் கொண்டுவந்து, ஏசி_செக்_லிப்புக்குப் பதிலாக, பிகேஜி-கான்ஃபிக் (நிறுவப்பட்ட நிரலகங்களின் விவரங்களைத் தரும் கருவி) வழியாகத் தேடும் பிகேஜி_செக்_மாட்யூல்ஸ் மேக்ரோவைப் பயன்படுத்தியிருக்கிறேன். அது லிப்ஸ் மாறியைத் தொடாமல் தனி மாறியில் விடையைத் தருகிறது.

நீலவானம்:

நானும் இதை உருவாக்கிப் பார்த்தேன். விருப்பம் எதுவும் கொடுக்காவிட்டால் ஒழுங்காக உருவாகிறது. ‘--டிசேபிள்-ஹெச்கேச்’ கொடுத்தால், அதற்குச் சற்றும் தொடர்பில்லாத க்னூடிஎல்எஸ் (டிஎல்எஸ் எனும் இணைப்பு மறையாக்கத்துக்கான நிரலகம்) சோதனையில் ‘பிகேஜி-கான்ஃபிக் நிரல் கிடைக்கவில்லை அல்லது மிகப் பழையது’ என்ற பொருள்படும் பிழை வந்து நிற்கிறது. பிகேஜி-கான்ஃபிக் என் கணினியில் நிறுவப்பட்டுத்தான் இருக்கிறது. கையால் ஓட்டினால் பதிலும் சொல்கிறது. ஹெட்டர் கேச் வேண்டாம் என்பதற்கும் டிஎல்எஸ்ஸுக்கும் என்ன தொடர்பு?

ஓரெழுத்து:

மிக நல்ல சோதனை, நண்பரே. ஆட்டோகான்ஃபில் பலரும் சிக்கும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிகேஜி_செக்_மாட்யூல்ஸ் வேலை செய்வதற்கு முன், பிகேஜி-கான்ஃபிக் நிரல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒரு மாறியில் வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் மேக்ரோவைத் தனக்கு முன்தேவை என்று அது அறிவித்திருக்கிறது. ஆட்டோகான்ஃப் பயன்படுத்தும் எம்4 என்ற மேக்ரோ மொழி கான்ஃபிகர்.ஏசி கோப்பை ஷெல் நிரலாக விரிக்கும்போது, அந்த முன்தேவையை முதல் தடவை தேவைப்படும் இடத்தில் ஒரே ஒரு முறை விரிக்கும். ‘இதை விரித்தாயிற்று’ என்று குறித்துக்கொண்டு, அடுத்த அழைப்புகளில் விட்டுவிடும். எம்4 இதைச் செய்யும் நேரத்தில் ஷெல்லின் நிபந்தனைகள் அதற்குப் பொருளற்ற எழுத்துகள் மட்டுமே. இந்த பேட்சில் கோப்பின் முதல் பிகேஜி_செக்_மாட்யூல்ஸ் அழைப்பு, வெறும் ஷெல் ‘இஃப்’ ஒன்றின் உள்ளே அமர்ந்திருக்கிறது. எனவே பிகேஜி-கான்ஃபிக்கைத் தேடும் ஷெல் வரிகளும் அந்த ‘இஃப்’ உள்ளேயே விரிந்துவிட்டன. ஹெட்டர் கேச் வேண்டாம் என்றால் அந்த வரிகள் ஓடுவதில்லை. மாறி வெறுமையாகவே இருக்கிறது. அடுத்து வரும் க்னூடிஎல்எஸ் சோதனை, பிகேஜி-கான்ஃபிக்கே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது.

இரண்டு தீர்வுகள் உண்டு. வெறும் ‘இஃப்’ இருக்கும் இடத்தில் ஏஎஸ்_இஃப் மேக்ரோவைப் பயன்படுத்தினால், முன்தேவைகள் அந்த நிபந்தனைக்கு வெளியே, அதற்கு முன்னால் விரிக்கப்படும். அல்லது பிகேஜி_ப்ராக்_பிகேஜி_கான்ஃபிக் மேக்ரோவைக் கோப்பின் தொடக்கத்திலேயே ஒருமுறை வெளிப்படையாக அழைத்துவிடலாம். இரண்டையும் செய்வதே என் பரிந்துரை.

எனினும், எல்எம்டிபிக்கான பிகேஜி-கான்ஃபிக் விவரக் கோப்பு எல்லா விநியோகங்களிலும் இருக்கும் என்று நம்ப முடியாது. இந்த ஒரு நிரலகத்துக்கு ஏசி_செக்_லிப் முறைக்கே திரும்புவது நல்லது. ‘கிடைத்தால்’ என்ற உள்ளீட்டில் லிப்ஸுக்குப் பதிலாக ஹெச்கேச்_லிப்ஸ் என்ற தனி மாறியை நிரப்பி, மேக்ஃபைல்.ஏஎம் கோப்பில் முதன்மைச் செயலியின் இணைப்பு வரியில் மட்டும் அதைச் சேர்த்துவிடலாம்.

பழையமுனையம்:

நீலவானத்துக்குக் கிடைத்த பிழையை நல்வாய்ப்பு என்றே சொல்வேன். க்னூடிஎல்எஸ் சோதனைக்கு ‘கிடைக்காவிட்டால் விட்டுவிடு’ என்று யாரேனும் எழுதி வைத்திருந்தால், கான்ஃபிகர் நின்றிருக்காது. டிஎல்எஸ் இல்லாத மின்னஞ்சல் செயலி ஒன்று சத்தமில்லாமல் உருவாகியிருக்கும். டிஎல்எஸ்ஸுடன் ஐமேப் இயங்கும் 993 முனையில் (போர்ட்) இணைய முயலும்போதுதான் பயனருக்குத் தெரிந்திருக்கும். அதைவிட மோசம், மறையாக்கம் இல்லாத 143 முனையில் கடவுச்சொல்லை ஏற்கும் பழைய சேவையகமாக இருந்தால், ஒருபோதும் தெரியாமலே போயிருக்கும். மின்னஞ்சலை அணுகவும் அனுப்பவும் தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் பயன்படுத்த வேண்டும் என்று 2018-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தரநிலை ஆவணம் பரிந்துரைக்கிறது. அப்படியிருக்க, டிஎல்எஸ்ஸை ஒரு செயலி ‘இருந்தால் போடு, இல்லாவிட்டால் விடு’ என்ற வரிசையில் வைப்பது பொறுப்பற்ற செயல்.

கட்டுமரம்:

நான் ஒரு படி மேலே போய்க் கேட்கிறேன். தானியங்குத் தேர்வு எந்த விருப்பத்துக்கும் ஏன் இருக்க வேண்டும்? ஒவ்வொன்றும் இயல்பாக ‘வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’ என்று இருந்து, வேண்டும் என்றால் கிடைத்தே தீர வேண்டும் என்று வைத்துவிட்டால், இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. பொதியாளர்களுக்கு வேண்டியது அதுதான்.

நீலவானம்:

பொதியாளர் அல்லாதவர்களையும் சற்று நினைத்துப் பாருங்கள். முதன்முறையாக உருவாக்குபவர், ஹெட்டர் கேச் என்றால் என்னவென்றே தெரியாத நிலையில், எல்எம்டிபி இல்லை என்ற பிழையைக் கண்டு நின்றுவிட்டால், பெரும்பாலும் அந்த முயற்சியையே கைவிட்டுவிடுவார். இருப்பதை வைத்து உருவாகிவிடும் செயலிதான் எனக்குத் தொடக்கத்தில் துணிவைத் தந்தது.

ஓரெழுத்து:

இந்த இழுபறிக்கு மீசன் என்ற உருவாக்கக் கருவி நல்ல விடை வைத்திருக்கிறது. 0.47 பதிப்பு முதல் அதில் ‘ஃபீச்சர்’ என்ற விருப்ப வகை உண்டு; எனேபிள்ட், டிசேபிள்ட், ஆட்டோ என்ற மூன்று நிலைகளும் மொழியிலேயே இருப்பதால், ஒவ்வொரு திட்டமும் அவற்றைக் கையால் எழுதித் தவறவிட வேண்டியதில்லை. அதோடு ஆட்டோ_ஃபீச்சர்ஸ் என்ற ஒரே விருப்பத்தின் மூலம், ‘ஆட்டோ’ என்று விடப்பட்ட அனைத்தையும் ஒட்டுமொத்தமாக ‘கட்டாயம் வேண்டும்’ அல்லது ‘கட்டாயம் வேண்டாம்’ என்று மாற்றிவிடலாம். மற்றோர் உருவாக்கக் கருவியான சீமேக்கின் 3.22 பதிப்பிலும், விருப்பச் சார்பாகத் தேடப்படும் ஒரு பொதியைக் கட்டாயமாக்க ஒரு மாறி சேர்க்கப்பட்டது. தேடவே கூடாது என்று தடுக்கும் மாறி அதற்கு முன்பே இருந்தது. ஆட்டோகான்ஃபில் இத்தகைய பொதுவான திறவுகோல் இல்லை என்பதால், ஒவ்வொரு விருப்பத்திலும் மூன்று நிலைகளையும் சரியாக எழுதுவது ஒன்றே வழி.

ஹெட்டர் கேச் போன்ற வேகம் சார்ந்த வசதிக்குத் தானியங்குத் தேர்வு இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. அது இல்லாவிட்டால் பயனர் காத்திருக்கிறார், அவ்வளவுதான். டிஎல்எஸ் விஷயத்தில் பழையமுனையம் சொல்வதே சரி. இயல்பில் கட்டாயம் இருக்க வேண்டும். வேண்டாம் என்பவர் அதைத் தன் கையால் எழுதிச் சொல்ல வேண்டும்.

பழையமுனையம்:

ஏற்கிறேன். இன்னொரு கோரிக்கை: கான்ஃபிகர் சுருக்கத்தில் வெறும் ‘நோ’ என்று போடாமல், பயனர் அணைத்தாரா, தேடிக் கிடைக்கவில்லையா என்பதைப் பிரித்துக் காட்டுங்கள். மட் என்ற மின்னஞ்சல் செயலியில் ‘-வி’ கொடுத்தால், எந்தெந்த வசதிகளுடன் தொகுக்கப்பட்டது என்பதைக் கூட்டல், கழித்தல் குறிகளுடன் பட்டியலிடும். வழுவறிக்கை தருபவரிடம் நான் முதலில் கேட்பது அந்த வெளியீட்டைத்தான். ஆனால் கழித்தல் குறி ஏன் வந்தது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டிய இடம் கான்ஃபிகர்.

தறிநூல்:

மூன்றாம் வடிவம். எல்எம்டிபிக்கு ஏசி_செக்_லிப்பும் தலைப்புக் கோப்புச் சோதனையும் ஏஎஸ்_இஃப் உள்ளே இருக்கின்றன. நிரலகம் தனி மாறி வழியாக முதன்மைச் செயலியில் மட்டும் இணைகிறது. பிகேஜி-கான்ஃபிக் தேடல் கோப்பின் தொடக்கத்துக்கு வந்துவிட்டது. சுருக்கத்தில் இனி ‘நோ, பயனர் அணைத்தது’ என்றும் ‘நோ, எல்எம்டிபி கிடைக்கவில்லை’ என்றும் தனித்தனியாக வரும். டிஎல்எஸ் பற்றிய மாற்றத்தை இதில் சேர்க்கவில்லை. இயல்பு நடத்தையை மாற்றுவது என்பதால் தனிப் பேட்சாக, வெளியீட்டுக் குறிப்புடன் அனுப்புகிறேன்.

வெளியீட்டுத் தொகுப்பின் மீது இதைப் போடுபவர்கள், கான்ஃபிகர்.ஏசி மாறுவதால் ‘ஆட்டோரீகான்ஃப் -எஃப்ஐ’ கட்டளையை ஓட்ட வேண்டும். தொகுப்பில் வரும் பழைய கான்ஃபிகர் கோப்பை அப்படியே ஓட்டினால் எந்த மாற்றமும் தெரியாது.

கட்டுமரம்:

எல்எம்டிபி இருக்கும் கணினியிலும் இல்லாத கணினியிலும், எனேபிள், டிசேபிள், விருப்பம் இல்லாமை என மூன்று விதமாகவும், ‘--நோ-ஆஸ்-நீடட்’ சேர்த்து உருவாக்கிப் பார்த்தேன். டிசேபிள் கொடுத்தால் ரீட்எல்ஃப் பட்டியலில் எல்எம்டிபி எங்கும் இல்லை, துணை நிரல்களிலும் இல்லை. எனேபிள் கொடுத்து நிரலகம் இல்லாவிட்டால் கான்ஃபிகர் நிற்கிறது. தலைப்புக் கோப்பை மட்டும் நீக்கிவிட்டு விருப்பமின்றி உருவாக்கியபோது, கிடைக்கவில்லை என்று சொல்லி ஹெட்டர் கேச் இல்லாமல் உருவாகிறது. க்னூடிஎல்எஸ் எல்லா வகையிலும் சரியாகக் கண்டறியப்படுகிறது.

பொதியில் வைத்திருந்த ‘ஏசி_சிவி’ வரியை நீக்கிவிட்டு, இந்த பேட்சையும் ‘--டிசேபிள்-ஹெச்கேச்’ விருப்பத்தையும் சேர்த்துவிட்டேன்.

நீலவானம்:

டிஎல்எஸ் பேட்ச் வரும்போது இந்த இழையிலேயே தெரிவியுங்கள், தறிநூல். க்னூடிஎல்எஸ்ஸின் மேம்பாட்டுப் பொதி இல்லாத கணினி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.